குழந்தை வேணாம்னா வேணாம்தான், டன் கணக்கு எதுக்கு?

அக்கா, வணக்கம். எனக்கு 31 வயசு, கல்யாணமாகி நாலு வருஷம். கோவையில வெள்ளலூர் குப்பைக்கிடங்குக்குப் பக்கத்துலதான் வீடு, அங்க தீப்பிடிச்சா ஜன்னலைச் சாத்திட்டு உள்ளயே கிடப்போம். நானும் வீட்டுக்காரரும் பேசி குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். ஒரு குழந்தை பெத்துக்காம இருந்தா வருஷத்துக்கு 58 டன் கார்பன் டை ஆக்சைடு, அதாவது பூமியைச் சூடாக்கற புகை, மிச்சம்னு படிச்சேன். ஆனா எந்த விசேஷத்துக்குப் போனாலும் "இன்னும் ஒண்ணும் இல்லையா?"ன்னுதான் முதல் கேள்வி. மாமியார் ஒரு ஹாஸ்பிடல்ல அப்பாயின்ட்மென்டே வாங்கிட்டாங்க. இவங்களுக்கு இந்தக் கணக்கை எப்படிப் புரிய வைக்கிறது?
ச., கோவை

அன்புள்ள ச.,

குழந்தை வேண்டாம்ங்கிறது உங்க ரெண்டு பேர் முடிவு, அதுக்கு நான் சர்டிபிகேட் தர வேண்டியதில்ல. எனக்கு ரெண்டு பசங்க, அதனால "இவ பெத்துட்டுப் பேசறா பாரு"ன்னு நினைச்சாலும் பரவாயில்ல, அந்த 58 டன்னை மட்டும் மாமியார்கிட்ட எடுத்துட்டுப் போகாதீங்க.

அது 2017ல வைன்ஸ், நிக்கோலஸ்னு ரெண்டு பேர் எழுதின ஆய்வுக்கட்டுரையில வந்த நம்பர். அமெரிக்காவுலயே ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 15 டன் பக்கம்தான் ஆகுது, அப்புறம் ஒரு குழந்தைக்கு எப்படி 58? குழந்தை வாழ்நாள் முழுக்க விடற புகையில பாதி அம்மா தலையில, பேரன் பேத்தி விடறதுல கால்வாசி, கொள்ளுப்பேரனுக்கு அரைக்கால்னு இன்னும் பொறக்காத பரம்பரை மொத்தத்தையும் கூட்டி அதை அம்மாவோட மொத்த ஆயுசால வகுத்திருக்காங்க, அதுலயும் அத்தனை தலைமுறையும் இன்னிக்கு மாதிரியே பெட்ரோலும் நிலக்கரியும் எரிச்சுக்கிட்டே இருக்கும்னு வச்சுக்கிட்டு. கொள்ளுப்பேரன் ஓட்டப்போற வண்டிக்கு இப்பவே நீங்க ஃபைன் கட்டற மாதிரி. போதாததுக்கு அது பணக்கார நாடுகளுக்குப் போட்டது, நம்ம ஊர்ல ஒரு ஆளுக்கு சராசரி 2 டன்தான் வரும்.

சரி, கணக்கு தப்போ ரைட்டோ, எனக்கு எரிச்சல் வேற விஷயத்துல. பூமியில ஆள் ஜாஸ்தின்னு பேச ஆரம்பிச்சா அது எப்பவும் ஏழை வீட்டு வாசல்லதான் போய் நிக்கும். எமர்ஜென்சி சமயத்துல 1976-77ங்கிற ஒரே வருஷத்துல நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல கருத்தடை ஆபரேஷன் நடந்தது, வடக்குல பள்ளிக்கூட வாத்தியாருங்களுக்கு "ஆள் புடிச்சுட்டு வா, இல்லன்னா சம்பளம் கிடையாது"ன்னு டார்கெட் குடுத்தாங்க, அவங்க பிடிச்சுட்டு வந்தது பங்களாக்காரங்களையா? தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரியா 1.8 குழந்தைதான்னு 2019-21 தேசிய குடும்பநல சர்வேயே சொல்லுது, ஜனத்தொகை அப்படியே நிக்கறதுக்கே 2.1 வேணும். இப்ப பேச்சே தலைகீழ், ஜனத்தொகை கம்மியா இருந்தா தொகுதி மறுசீரமைப்புல எம்.பி. சீட்டு குறைஞ்சிடும்னு 2024 அக்டோபர்ல ஒரு கல்யாண மேடையில அப்ப முதலமைச்சரா இருந்த ஸ்டாலினே பதினாறு பெத்துக்கிட்டா என்னன்னு கேட்டார். அன்னிக்கு நாட்டுக்காகப் பெக்காதே, இன்னிக்கு தொகுதிக்காகப் பெத்துக்கோ, நீங்க பூமிக்காக வேண்டாம்ங்கிறீங்க. பெரியார் அந்தக் காலத்துலயே இதைப் பிரிச்சுக் காட்டிட்டார். மத்தவங்க கருத்தடை கேட்கிறது குடும்பச் சொத்துக்காக, நாட்டு வறுமைக்காக, உடம்புக்காக, நாம கேட்கிறது பொம்பளைங்க விடுதலைக்காகன்னார். எனக்கு அதுக்கு மேல ஒரு காரணம் தேவைப்படல.

உங்க லெட்டர்ல எனக்கு நிஜமாப் பட்டது அந்த ஜன்னல்தான். குழந்தையால பூமிக்குக் கேடுன்னு நீங்க எழுதியிருக்கீங்க, ஆனா உள்ள இருக்கிறது இந்தப் புகையில ஒரு பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்றதுங்கிற பயம்னு எனக்குத் தோணுது. அந்தப் பயத்தை மாமியார்கிட்ட சொல்லலாம், ஏன்னா அதே புகையில அவங்களும்தான இருமறாங்க. அவங்க ஒத்துக்குவாங்கன்னு சொல்ல வரல, சண்டை எதைப் பத்தின்னாவது புரியும். இல்ல, பயமெல்லாம் கிடையாது, எங்களுக்கு ஆசையே இல்லன்னா அதையே சொல்லிடுங்க.

ஆனா சொல்ல வேண்டியது நீங்க இல்ல, உங்க வீட்டுக்காரர். அவங்கம்மாகிட்ட அவர் வாயால சொல்லணும், "நாங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணோம்"னு. நீங்க போய்ச் சொன்னா மருமக புள்ளைய மயக்கிட்டாங்கிற பழைய கதைதான் ஓடும். அந்த அப்பாயின்ட்மென்டை அவரே கேன்சல் பண்ணட்டும், போனீங்கன்னா ஸ்கேன், பிளட் டெஸ்ட்னு முதல்ல உங்களைத்தான் படுக்க வைப்பாங்க.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. மத்திய அரசு விதிப்படி கருத்தடை ஆபரேஷனுக்கு ஒரு வயசு தாண்டின குழந்தை ஒண்ணாவது இருக்கணும், அதனால ஜி.ஹெச். போனா குழந்தை இல்லாத உங்களுக்குப் பண்ண மாட்டாங்க. கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற காப்பர்-டி போட்டுக்கலாம், 380ஏ-ன்னு கேளுங்க, 10 வருஷம் வரும், சிலருக்கு முதல் சில மாசம் பீரியட்ஸ் அதிகமா இருக்கும். பிரைவேட்ல வாசெக்டமி, அதாவது ஆம்பளைங்களுக்கான கருத்தடை ஆபரேஷன், பண்ற டாக்டரை உங்க வீட்டுக்காரர் தேடலாம், அவர் கிளம்பினா சந்தோஷம். அதே 2019-21 சர்வேபடி நாட்டுல கல்யாணமான பொம்பளைங்க 100 பேர்ல 38 பேர் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, ஆம்பளை பண்ணிக்கிட்ட வீடு 1000த்துக்கு மூணு. அதைப் பத்தி உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்னு எழுதுங்க.