பிண்ணாக்கும் பிளந்த நாக்கும்

ஐயா, வணக்கம். பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். காளமேகத்தின் பாம்பு–எள் சிலேடையை உரையோடு நடத்தி முடித்ததும் ஒரு மாணவி, “இதுல கவிதை எங்க இருக்கு டீச்சர்? சொல்லை வெச்சு விளையாடுறதுதானே?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஒரே சொல் இரு பொருள் தருவது மொழிக்குக் குறைதானே?
– ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

மற்றவர்களுக்காகப் பாட்டை முதலில் தந்துவிடுகிறேன். 15-ஆம் நூற்றாண்டு வெண்பா.

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் – ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது.

படமெடுத்து ஆடிய பாம்பு குடத்துக்குள் அடங்கும். செக்கில் ஆடிய எள் எண்ணெயாகிக் குடத்தில் சேரும். ஆடும்போது இரண்டும் இரையும். அது சரி, எள் எப்படி முகங்காட்டும்? எனக்கும் அது வெறும் உரையாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை பாட்டி என்னை மணையில் உட்காரவைத்து நல்லெண்ணெய்த் தூக்கைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே பழுப்பாக என் முகம் கிடந்தது. அதே எண்ணெய் உச்சியில் ஏறியதும் மண்டை பரபரவென்றது. அன்றைக்குத்தான் பாட்டு எனக்குப் புரிந்தது. கவிதை அங்கேதான் இருக்கிறது: பாம்பாட்டியின் குடத்தையும் வீட்டு எண்ணெய்க் குடத்தையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறான் காளமேகம்.

பிண்ணாக்கு அதைவிட அழகு. எள்ளுக்கு அது செக்கில் எஞ்சும் சக்கை. பாம்புக்கோ பிள் நாக்கு, அதாவது பிளந்த நாக்கு. ளகர மெய்யும் நகரமும் புணர்ந்தால் ‘ண்ண’ ஆகும் என்று நீங்கள் நடத்தும் விதியே இங்கே சிலேடையைச் செய்துகொடுக்கிறது. இப்படிப் பிரித்தால் வேறு பொருள் தருவதை அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பிரிமொழிச் சிலேடை என்கிறது. சொல்லுக்குச் சொல் இடம் விடாமல் எழுதிய ஓலைக்கு இது இயல்பாகவே பொருந்தியது.

குறையா என்றால், இடத்தைப் பொறுத்தது. ‘நேற்று வந்த மாமாவின் மகன்’ என்று எழுதினால் வந்தது மாமாவா, மகனா? பத்திரத்தில் இது வந்தால் வழக்குதான். அங்கே இரண்டில் ஒன்றைத் தள்ள வேண்டும், தள்ள முடியவில்லை; அது மயக்கம். சிலேடையில் எதையும் தள்ளக் கூடாது, இரண்டும் நிற்க வேண்டும். மயக்கத்தையும் சிலேடையையும் ஒன்றாகக் குழப்பி மாணவர்களிடம் சொல்லாதீர்கள்.

அடுத்த முறை உரைக்கு முன்னால் கொஞ்சம் நல்லெண்ணெயும் ஒரு துண்டு எள்ளுப் பிண்ணாக்கும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். வாய் குறுகிய பாட்டிலில் முகம் தெரியாது; அகலமான பாத்திரத்தில் ஊற்றி, அந்த மாணவியை முதலில் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.