மாதவிடாய் நோவும் பெரும்போக்கும்: ‘போகவேண்டிய இரத்தம்’ என்று ஒன்று உண்டா?

கேள்வி: எனக்கு வயது 38. ஒட்டுசுட்டான் பக்கத்தில் வயலும் கச்சான் தோட்டமும் செய்கிறோம். மூன்று பிள்ளைகள். இரண்டு வருடமாக மாதவிடாய் எட்டு, ஒன்பது நாட்களுக்கு நீள்கிறது. முதல் மூன்று நாளும் கட்டி கட்டியாகப் போகிறது. நாரி உளைவில் குனிந்து நிமிர முடிவதில்லை. பதினைந்து வயது மகளுக்கு இரத்தம் அதிகமில்லை, ஆனால் முதல் நாள் வயிற்றுக்குத்தும் சத்தியுமாகக் கிடந்து பள்ளிக்கூடம் போகமாட்டாள். மாத்திரை போடலாமென்றால், “கெட்ட இரத்தம் போகத்தான் வேணும், மறிச்சால் உள்ளுக்குள்ள தேங்கிவிடும்” என்று அம்மா தடுக்கிறார். இது ஏன்தான் பெண்களுக்கு வருகிறது? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அம்மாவின் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்களும் மகளும் இதுவரை மருந்தில்லாமல் இருந்ததற்கு அதுவே காரணம் என்று தெரிகிறது. மாதவிடாயில் வெளியேறுவது உடலில் சேர்ந்த கழிவோ நஞ்சோ அல்ல. அதில் ஏறக்குறைய அரைவாசியோ அதற்கும் குறைவாகவோதான் இரத்தம். மீதி, கருப்பையின் உட்சுவரில் அந்த மாதம் வளர்ந்து உதிர்ந்த மென்படலமும் சளியும் நீரும். அந்த இரத்தமும் கையில் ஊசி குத்தினால் வருகிற அதே இரத்தந்தான். ஆகவே மருந்தினால் போக்குக் குறையும்போது எதுவும் உள்ளே அடைபடுவதில்லை. நாளங்களிலிருந்து கசிவது குறைகிறது, அல்லது ஹோர்மோன் மருந்தாயின் உதிர்வதற்கான படலமே மெல்லியதாக வளர்கிறது. இரத்தம் உண்மையாகவே தேங்குவது அரிதான ஒரு நிலையில் மட்டுமே: பிறப்பிலேயே யோனியின் வாசல் மூடியிருக்கும் பெண்பிள்ளைகளுக்கு, பெரியபிள்ளையாகும் வயது கடந்தும் இரத்தம் வெளிப்படாமல் மாதந்தோறும் வயிற்றுநோ மட்டும் வரும். அதற்கு வைத்தியசாலையில் சிறிய சத்திரசிகிச்சை செய்ய வேண்டும்.

மாதவிடாய் ஏன் வருகிறது என்ற கேள்வியை விஞ்ஞானிகளும் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு மாட்டுக்கோ ஆட்டுக்கோ மாதவிடாய் இல்லை. பெட்டை நாய்க்கு இரத்தம் படுவது முட்டை வெளியேறுவதற்கு முன்னர் நிகழ்வது; அது வேறு செயல். பாலூட்டிகளில் மனிதர், வாலில்லாக் குரங்குகள், குரங்குகள் பல, சில வௌவால் இனங்கள், யானை மூஞ்சூறு, மாதவிடாய் வருவதாக 2017இல் அறியப்பட்ட ஒரு முட்சுண்டெலி (spiny mouse) இனம் என மிகச் சிலவற்றுக்கே இது உண்டு. கிருமிகளைக் கழுவி அகற்றுவதற்காகவே இரத்தம் வருகிறது என்று மார்ஜி புரொஃபெட் என்பவர் 1993இல் எழுதினார். இரத்தம் கிருமி வளர நல்ல ஊடகம் என்பதால் அக்கருத்து நிற்கவில்லை. தடித்த படலத்தை எந்நாளும் பேணுவதைவிட உதிர்த்து மீண்டும் வளர்ப்பது உடலுக்குச் சிக்கனம் என்று பெவர்லி ஸ்ட்ராஸ்மான் 1996இல் வாதிட்டார். 2012இல் டீனா எமெரா, ரொபேர்ட்டோ ரொமேரோ, குந்தர் வாக்னர் ஆகியோர் முன்வைத்த விளக்கமே எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுகிறது.

அவர்களின் விளக்கம் இதுதான். பெரும்பாலான விலங்குகளில் கரு வந்து தொட்ட பின்னரே கருப்பைச் சுவர் கர்ப்பத்துக்கு ஏற்றபடி மாறுகிறது. மனிதக் கருவோ தாயின் இரத்தக் குழாய்வரை ஆழமாகத் துளைத்து இறங்குவது. அதை எதிர்கொள்ளவும், வளரத் தகுதியற்ற கருவைத் தொடக்கத்திலேயே நிராகரிக்கவும், நம்முடைய கருப்பை கரு வரும்வரை காத்திராமல் ஒவ்வொரு மாதமும் புரொஜெஸ்தரோன் என்ற ஹோர்மோனின் கட்டளைப்படி முன்கூட்டியே மாறிவிடுகிறது. அப்படி மாறிய படலம் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. கரு தங்காவிட்டால் புரொஜெஸ்தரோன் வீழ்கிறது, படலம் உதிர்கிறது. அதாவது இரத்தம் போவதே நோக்கமன்று. முன்னேற்பாட்டின் பக்கவிளைவு அது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாலி நாட்டின் டொகொன் மக்களிடையே, கருத்தடை முறைகள் இல்லாத சூழலில், ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் ஏறத்தாழ 100 மாதவிடாய்களே வருவதை ஸ்ட்ராஸ்மான் கணக்கிட்டார். கர்ப்பமும் நீண்ட தாய்ப்பாலூட்டலும் மற்ற மாதங்களை எடுத்துக்கொண்டன. இரண்டு மூன்று பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளும் இன்றைய பெண்ணுக்கு அது 400ஐ எட்டும். எட்டு, ஒன்பது பிள்ளை பெற்ற நம்முடைய பூட்டிமாரும் மாதாமாதம் இரத்தம் இழந்தவர்களல்லர். ஆகவே மருந்தால் சில மாதவிடாய்களைக் குறைப்பதோ நிறுத்துவதோ இயற்கைக்கு விரோதம் என்ற வாதத்தில் வலு இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கென்று நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையைத் தயங்காமல் வாங்கிப் போடும் குடும்பங்களே நோவுக்கு மாத்திரை என்றதும் அஞ்சுவது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

இனி நோவுக்கு வருவோம். உங்களுடையதும் மகளுடையதும் ஒன்றல்ல. புரொஜெஸ்தரோன் வீழ்ந்ததும் உதிரும் படலம் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிச் சுருங்கச் செய்து, அத்தசைக்கு இரத்தம் செல்லும் நாளங்களையும் நெரிக்கிறது. இரத்தம் கிடைக்காத தசை நோகிறது. அதே பொருள் குடலையும் தூண்டுவதால்தான் மகளுக்குச் சத்தியும், சிலருக்கு வயிற்றோட்டமும் தலைச்சுற்றும் வருகின்றன. பூப்படைந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து முட்டை ஒழுங்காக வெளியேறத் தொடங்கும்போது இந்த நோவும் தொடங்குவது வழமை. கருப்பையில் நோய் ஏதும் இருக்க வேண்டியதில்லை. பிள்ளை நடிக்கவும் இல்லை.

காரணம் தெரிந்திருப்பதால் மருந்தும் தெளிவாக உள்ளது. மெபனமிக் அசிட், இபுபுரொபன் போன்றவை புரொஸ்டகிளாண்டின் உண்டாவதையே தடுக்கின்றன. அதனால்தான் அவற்றை நோ உச்சத்துக்கு ஏறிய பிறகு போட்டால் பாதிப் பயனே கிடைக்கும். இரத்தம் தென்பட்டவுடன், அல்லது நாள் ஒழுங்காக வருபவராயின் முதல்நாள் மாலையே தொடங்கி, இரண்டு மூன்று நாட்களுக்கு நேரம் தவறாமல் எடுக்க வேண்டும். மெபனமிக் அசிட் 500 மில்லிகிராம் ஒருநாளைக்கு மூன்று முறை, அல்லது இபுபுரொபன் 400 மில்லிகிராம் மூன்று முறை, சாப்பாட்டுக்குப் பின்னர் என்பது வளர்ந்தவர்களுக்கான வழமையான அளவு. இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. மகளின் எடைக்குரிய அளவை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பனடோல் (பரசிற்றமோல்) இதைவிட வலுக் குறைந்தது, ஆனால் இவை ஒத்துவராதவர்களுக்கு அதுவே பாதுகாப்பானது. துணியில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலை அடிவயிற்றில் வைப்பது பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கத்தக்கதல்ல. ஆய்வுகளிலும் சூடு நோவை நன்றாகத் தணிப்பதாகவே காணப்பட்டிருக்கிறது.

யார் இம்மாத்திரைகளைப் போடக்கூடாது என்பதில் வன்னிக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது சிறுநீரகம். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் விவசாயப் பகுதிகளிலும் காரணம் தெளிவாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதால், அந்நோய் உள்ளவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. மற்றவர்களும் வெயிலில் வேலை செய்து நீர் வற்றிய உடலோடு போடக்கூடாது. இரண்டாவது டெங்கு. மாரி காலத்தில் காய்ச்சலோடு மாதவிடாயும் வந்தால் பனடோலைத் தவிர எந்த நோமாத்திரையும் வேண்டாம். டெங்குவில் மாதவிடாய்ப் போக்கு ஆபத்தாகப் பெருகக்கூடும் என்பதால், மாதவிடாய் வந்திருப்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். குடற்புண், இம்மாத்திரைகளால் கூடும் தொய்வு (ஆஸ்துமா), கர்ப்பம் ஆகியவை உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் போடக்கூடாது.

மூன்று மாதம் முறையாகப் போட்டும் மகளுக்குக் குறையாவிட்டால், அல்லது மாதவிடாய் இல்லாத நாட்களிலும் நோ இருந்தால், மலம் சிறுநீர் கழிக்கையில் வலித்தால், எண்டோமெற்றியோசிஸ் உண்டா என்று பார்க்க வேண்டும். அதாவது கருப்பைப் படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. “கலியாணம் கட்டினால் சரியாகும்” என்று காத்திருந்தவர்களில் பலருக்கு அது கலியாணத்துக்குப் பிறகு, பிள்ளை தங்கவில்லை என்று பரிசோதிக்கையில்தான் தெரியவருகிறது.

உங்களுடைய நிலை அதைவிட அவசரமானது. ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 தொடக்கம் 40 மில்லிலீற்றர் இரத்தமே போகும். 80ஐத் தாண்டினால் பெரும்போக்கு. வீட்டில் யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை. ஒரு மணி, இரண்டு மணிக்கொருமுறை பாட் மாற்ற நேர்வது, பத்து ரூபாய்க் குற்றியைவிடப் பெரிய கட்டிகள் போவது, இரவில் படுக்கை நனைவது, ஏழு நாளைத் தாண்டி நீள்வது, போக்கை எண்ணி வயலுக்கும் நல்லது கெட்டதுக்கும் போகாமல் விடுவது, இவற்றில் ஒன்றிருந்தாலே போதும். நீங்கள் எழுதியதில் குறைந்தது இரண்டு இருக்கின்றன.

ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதத்தில் 80 மில்லிலீற்றர் போனால் 40 மில்லிகிராம் இரும்பு போய்விடும். உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், அதிலும் ஒன்று அன்றாட இழப்புக்கே சரி. இரண்டு வருடமாக இப்படிப் போகிற ஒருவர் களைப்பு, படியேறுகையில் மூச்சிரைப்பு, தலைமயிர் உதிர்வு, மண்ணோ பச்சையரிசியோ தின்னத் தோன்றுவது ஆகியவற்றை வயதின் மீதும் வேலையின் மீதும் போட்டுவிடுகிறார். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் இரத்தச்சோகை. முருங்கையிலை, ஈரல், நெத்தலி, முட்டை எல்லாம் நல்லவை. அந்த நாட்களில் மீனையும் முட்டையையும் விலக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வருடத்தோடு அதை விட்டுவிடுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். ஒரு மணிநேரம் கழித்துக் குடியுங்கள். சோற்றோடு தேசிக்காயோ பிறகு ஒரு கொய்யாவோ உதவும். ஆனால் சோகை வந்துவிட்ட பின்னர் உணவு மட்டும் அதை நிரப்பாது. இரும்பு மாத்திரையை, ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் எடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதில் பயமில்லை. பரம்பரை இரத்த நோயான தலசீமியா குடும்பத்தில் உண்டென்றால் சோதனை செய்த பின்னரே தொடங்க வேண்டும்.

38 வயதில் புதிதாகத் தொடங்கிய பெரும்போக்குக்கும் நாரி உளைவுக்கும் கருப்பையில் பைப்ரொயிட் கட்டி, கருப்பைப் படலம் தசைக்குள் ஊடுருவும் அடினோமயோசிஸ், படலத்திலிருந்து முளைக்கும் சிறு வளர்ச்சியான பொலிப் ஆகியவற்றைத் தேடுவோம், தைரொயிட்டையும் பார்ப்போம். நீங்கள் கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் லூப் போட்டிருந்தால் அதை மறவாமல் சொல்லுங்கள், செம்பு லூப் போக்கையும் நோவையும் கூட்டுவதுண்டு. டெப்போ என்ற கருத்தடை ஊசி ஒழுங்கற்ற போக்கை உண்டாக்கும். இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவரானால் அதுவும் காரணமாகலாம். நாள் தள்ளிப்போய்ப் பின்னர் பெருகி வந்ததாயின் முதலில் கர்ப்பச் சோதனை. தொடக்கத்திலிருந்தே பெரும்போக்கு உள்ள பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பல்லுப் பிடுங்கினாலும் மூக்கிலும் இரத்தம் நிற்காதவர்களுக்கு, இரத்தம் உறையும் தன்மையைச் சோதிக்க வேண்டும்.

மருந்துகளில், மேலே சொன்ன நோமாத்திரைகளே போக்கை நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கக்கூடும். திரனெக்சாமிக் அசிட் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டாக, நாளுக்கு மூன்று முறை, போக்குள்ள முதல் நான்கு நாட்களுக்கு மட்டும். கால் நாளத்திலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு அது கூடாது. குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை நோவையும் போக்கையும் ஒருங்கே தணிக்கும். உயர் குருதியமுக்கமோ பார்வை மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலியோ இருப்பவர்களுக்கு ஆகாது. உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் பயனுள்ளது ஹோர்மோன் லூப் என்பதே என் கருத்து. அது பத்தில் ஒன்பது பங்குவரை போக்கைக் குறைக்கும், பல ஆண்டுகளுக்கு வேலை செய்யும்; ஆனால் செம்பு லூப்பைவிட விலை அதிகம். “பையை எடுத்துவிடுங்கோ” என்று வந்த உடனே கேட்பவர்களிடம் நான் மற்ற வழிகளைப் பார்த்துவிட்டு வரும்படிதான் சொல்வேன்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லுங்கள். பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளை அவர் அறிவார். மாங்குளம் அல்லது புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலையில் காட்டினால், தேவைப்படுமிடத்து மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ கிளிநொச்சிக்கோ கடிதம் தருவார்கள். ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு கலண்டரில் இரத்தம் பட்ட நாட்களையும் மாற்றிய பாட்டுகளின் எண்ணிக்கையையும் எழுதி அப்படியே நீட்டுங்கள். வாய்ச்சொல்லைவிட அது எங்களுக்கு உதவும். மணிக்கொரு பாட் வீதம் இரண்டு மணிநேரத்துக்கு மேல் நனைந்தாலோ, மயக்கமோ மூச்சிரைப்போ வந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சில் போங்கள்.

மகளைக் கூட்டிச்செல்வதற்கும் தயங்க வேண்டாம். கலியாணமாகாத பிள்ளைக்கு உட்சோதனை செய்வார்களோ என்று தாய்மார் அஞ்சி நாட்களைக் கடத்துகிறார்கள். அவளுக்குச் செய்யப்படும் ஸ்கான், சலப்பை நிறையத் தண்ணீர் குடிக்கச்செய்து வயிற்றின் மேலால் பார்ப்பதே. நீங்களும் பக்கத்தில் நிற்கலாம்.