வரிசைப்படுத்தினால் வெற்று மதிப்புகள் முன்னால் வந்து நிற்கின்றன. கடைசிக்கு அனுப்புவது எப்படி?

கேள்வி கேட்டவரின் சிக்கல் இது: மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வாடிக்கையாளர் பட்டியலை நிறுவனப் பெயர்ப்படி வரிசைப்படுத்துகிறார். நிறுவனப் பெயர் இல்லாதவர்களே முதல் இரண்டு பக்கங்களையும் அடைத்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பின்னால் தள்ள வேண்டும்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், கதையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் பை நிறுவனம் ஈஸ் நல், நிறுவனம்

அவ்வளவுதான். 'நல்' என்பது அந்த இடத்தில் மதிப்பே இல்லை என்பதற்கான குறி. 'நிறுவனம் ஈஸ் நல்' என்பது ஒரு கேள்வி. பெயர் இல்லையென்றால் மைஎஸ்கியூஎல் அதற்கு 1 என்று பதில் தரும்; இருந்தால் 0. பெயர் உள்ளவர்கள் 0 வாங்கிக்கொண்டு முன்னே போய்விடுவார்கள், இல்லாதவர்கள் 1 வாங்கிக்கொண்டு பின்னே நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் அகரவரிசை பார்க்கப்படும்.

இறங்குவரிசை வேண்டுமென்றால் 'டெஸ்க்' என்ற சொல்லை இரண்டாவது பகுதிக்கு மட்டும் போடுங்கள்: ஆர்டர் பை நிறுவனம் ஈஸ் நல், நிறுவனம் டெஸ்க். இரண்டுக்கும் போட்டீர்களானால் 1 முன்னால் வந்துவிடும், பழையபடி வெற்று வரிகளெல்லாம் மேலே ஏறிவிடும். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோருமே இதில் ஒருமுறையாவது வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

எண்களைக் கொண்ட பத்திக்கு (அட்டவணையின் நெடுவரிசைக்கு) முன்னால் ஒரு கழித்தல் குறியைப் போட்டு டெஸ்க் கொடுத்தாலும் இதே பலன் கிடைக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். கிடைக்கும், எண்களுக்கு மட்டும். உங்களுடையது எழுத்துப் பத்தி, அங்கே அது எடுபடாது. எண்களுக்குமே நான் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆறு மாதம் கழித்து அந்தக் கழித்தல் குறியைப் பார்க்கிறவர் தட்டச்சுப் பிழை என்று நினைத்து அழித்துவிடுவார்.

இதைச் செய்த பிறகும் சில வெற்று வரிகள் மேலேயே இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கண்ணுக்கு வெறுமையாகத் தெரிவதெல்லாம் நல் அல்ல. இதை நான் கற்றுக்கொண்டது சிங்கப்பூர்த் தமிழர் பெயர்களிடமிருந்துதான். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், பிறகு எஸ்/ஓ அல்லது டி/ஓ, பிறகு தந்தை பெயர். ஆனால் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் நம்மை முறைத்துக்கொண்டு நிற்கும். ஒருவர் அதை அப்படியே விட்டுவிடுவார். இன்னொருவர், கட்டம் காலியாக இருந்தால் படிவம் போகாதோ என்று பயந்து இடைவெளி விசையை ஒருமுறை தட்டுவார். வேறொருவர் ஒரு சிறு கோடு போடுவார், மற்றொருவர் ஒரு புள்ளி. 'இல்லை' என்றே எழுதியவரையும் பார்த்திருக்கிறேன். பட்டியலில் அவர் இ வரிசையில் போய் நின்றார்.

இவற்றில் நல் ஒன்று, வெற்றுச் சரம் இன்னொன்று. வெற்றுச் சரம் என்பது எழுத்தே இல்லாத எழுத்து. அதற்கும் மதிப்பு உண்டு, அகரவரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். ஆரக்கிள் என்ற தரவுத்தளம் மட்டும் வெற்றுச் சரத்தையும் நல்லாகவே எடுத்துக்கொள்ளும். மற்றவற்றில் இரண்டையும் நாம்தான் ஒன்றாக்க வேண்டும்:

ஆர்டர் பை நல்இஃப்(ட்ரிம்(நிறுவனம்), '') ஈஸ் நல், நிறுவனம்

ட்ரிம் ஓரத்து இடைவெளிகளைச் சீவும். சீவிய பிறகு எதுவும் மிஞ்சாவிட்டால் நல்இஃப் அதை நல்லாக மாற்றும். கோட்டையும் புள்ளியையும் இது பிடிக்காது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது ஒட்டிக்கொண்டு வரும் உடையா இடைவெளியையும் பிடிக்காது. அது பார்வைக்கு இடைவெளி, ட்ரிம்முக்கு ஓர் எழுத்து. இவற்றுக்கு மருந்து வரிசைப்படுத்தும் இடத்தில் இல்லை. ஒருநாள் உட்கார்ந்து பத்தியைச் சுத்தம் செய்துவிட்டு, படிவத்திலேயே தடுப்பு வையுங்கள். (நல் என்று தமிழில் எழுதினால் நல்வரவு, நல்வாழ்வு என்பதுபோல் ஒலிக்கிறது. என் பிழைப்பில் அது கொண்டுவந்த நல்லது எதுவும் நினைவில் இல்லை.)

நீங்கள் மைஎஸ்கியூஎல் என்று சொல்லிவிட்டதால் நான் பிழைத்தேன். தரவுத்தளத்தின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. நல் சிறியதா பெரியதா என்பதில் இவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் மூன்றும் நல்லை எல்லாவற்றையும்விடச் சிறியதாக எண்ணுகின்றன. ஏறுவரிசையில் முன்னால், இறங்குவரிசையில் பின்னால். போஸ்ட்கிரஸும் ஆரக்கிளும் அதையே எல்லாவற்றையும்விடப் பெரியதாக எண்ணுகின்றன. ஏறுவரிசையில் பின்னால், இறங்குவரிசையில் முன்னால். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதுபோல, ஆளுக்கு ஆள் இடம் மாறும்.

இதில் நான் அடிபட்டது ஜூரோங்கில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்தபோது. சரக்குச் சேர்ந்த தேதிப்படி, புதியது முதலில் வரும்படி, ஓர் அறிக்கை எழுதினேன். என் மடிக்கணினியில் இருந்தது எஸ்கியூலைட். இன்னும் போய்ச் சேராத சரக்குகளுக்குத் தேதி இல்லை; அவை அடக்கமாகக் கடைசியில் நின்றன. நான் அதற்காக ஒன்றும் செய்யவில்லை, தானாகவே அமைந்தது. தானாக அமைந்தது என்பதைக் கவனிக்கவும் இல்லை. அலுவலகச் சர்வரில் இருந்தது போஸ்ட்கிரஸ். திங்கட்கிழமை காலை மேலாளர் அறிக்கையைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்கத் தேதியே இல்லாத வரிகள். வார இறுதியில் ஒரு சரக்குகூடப் போய்ச் சேரவில்லை என்று எண்ணிக்கொண்டு, கோப்பியைக்கூடக் குடிக்காமல் ஓட்டுநர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கிவிட்டார். நான் வந்து சேர்வதற்குள் நான்கு பேரிடம் பேசி முடித்திருந்தார்.

போஸ்ட்கிரஸில் தீர்வு இரண்டே சொல்: வரிசையின் முடிவில் 'நல்ஸ் லாஸ்ட்'. தரவுத்தளங்களோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லின் தர வரையறையில் 2003இலேயே இது வந்துவிட்டது. ஆரக்கிளிலும் உண்டு. எஸ்கியூலைட் 2019இல் வந்த 3.30 பதிப்பில் சேர்த்துக்கொண்டது. மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் இதை எழுதினால் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். எஸ்கியூஎல் சர்வரில் 'ஈஸ் நல்' என்பதை நேராக வரிசையில் போடவும் விடமாட்டார்கள். 'கேஸ் வென் நிறுவனம் ஈஸ் நல் தென் 1 எல்ஸ் 0 எண்ட்' என்று நீட்டி எழுத வேண்டும். நீளம்தான், ஆனால் நான் சொன்ன எல்லாத் தரவுத்தளங்களிலும் ஓடும். எந்த ஊருக்குப் போகும் என்று தெரியாத நிரலில் நான் இதைத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கோயலெஸ் என்ற கட்டளையைக் கொண்டு, பெயர் இல்லாத இடத்தில் நான்கு 'இசட்' எழுத்துகளைப் போட்டு வரிசைப்படுத்தும் தந்திரம் நிறைய இடங்களில் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. இசட்டுக்குப் பின்னால் எழுத்து இல்லை என்று நம்புகிறவர்களின் தந்திரம் அது. நான் உதவி செய்யும் ஒரு குழுவின் பட்டியலில் சிலர் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது, சிலர் பெயர் தமிழில். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்கு வெகு பின்னால். சீன எழுத்துகள் அதற்கும் பின்னால். பெயரில்லாத வரிகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஸுபைதாவுக்கு அடுத்து, தமிழில் எழுதப்பட்ட அன்னம்மாளுக்கு முன்பாக, பட்டியலின் நடுவயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டன. நான்கு மொழி புழங்கும் ஊரில் இசட் கடைசி எழுத்து அல்ல. தேதிக்கு 9999 டிசம்பர் 31 போடுவதும் இதே குடும்பம்தான். என்றாவது ஒருநாள் அந்தத் தேதி ஒரு கடிதத்தில் அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போகும்.

இனி, நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம்.

மேலே சொன்ன குழு, தோ பாயோவில் தனியாக வசிக்கும் மூத்தோரைச் சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவரும் சிறிய தொண்டூழியர் குழு. முன்பெல்லாம் அதை நடத்தும் அக்கா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருப்பார்: புளோக் எண், மாடி, பெயர், கடைசியாகப் போய்வந்த நாள். நான் அதைப் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஏற்றினேன். யாரைப் பார்த்து அதிக நாள் ஆகிறதோ அவர் முதலில் வரவேண்டும் என்றார் அக்கா. எளிய வேலை: கடைசியாகச் சென்ற நாள், ஏறுவரிசை. தேதி இல்லாதவை அசிங்கமாக மேலே நிற்கக்கூடாதே என்று, சரக்கு நிறுவனத்தில் பட்ட சூட்டின் பழக்கத்தில், நல்ஸ் லாஸ்ட் என்றும் சேர்த்துவிட்டேன். அச்செடுத்தால் நான்கு பக்கம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போகிறவர்கள் மாலைக்குள் எப்படியும் இரண்டு பக்கத்தைத் தாண்டமாட்டார்கள். மிச்சம் அடுத்த வாரம்; அடுத்த வாரம் புதிய அச்சு.

மூன்று வாரம் கழித்து அக்கா நான்காவது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஆறு பெயர்கள். தேதிக் கட்டம் காலி.

"தம்பி, ஒரு தடவைகூட யாரும் போகாத வீட்டையா கடைசியில் வைத்திருக்கிறாய்?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் நோட்டை எடுத்துக் காட்டினார். புதிதாகச் சேரும் பெயர்களை ஒரு மஞ்சள் தாளில் எழுதி, முன்னட்டையில் கிளிப் போட்டு வைத்திருந்தார். நோட்டைத் திறக்கிறவர் அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. நல்ஸ் ஃபர்ஸ்ட் என்ற கட்டளையை அவர் கிளிப்பால் எழுதியிருந்தார். நான் அதைப் பார்த்திருந்தேன். ஏதோ துண்டுத் தாள் என்று நினைத்து, பெயர்களை ஏற்றிவிட்டுக் குப்பையில் போடச் சொன்னவனும் நானே. அவர் போடவில்லை.

உறவுமுறைத் தரவுத்தளம் என்ற எண்ணத்தையே உருவாக்கிய எட்கர் காட், 1985இல் வெளியிட்ட விதிகளில் மூன்றாவது நல்லைப் பற்றியது. வெற்றுச் சரமும் வேறு, பூஜ்யமும் வேறு, நல் வேறு என்று அதில் சொல்லிவிட்டு, விடுபட்ட தகவல், பொருந்தாத தகவல் என்ற இரண்டையும் நல் குறிக்கும் என்கிறார். பிறகு 1990இல் அந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும் என்றார். எஸ்கியூஎல் ஏற்கவில்லை, நம் கையில் இருப்பது ஒரே நல். அது எதைச் சொல்கிறது என்பது பத்தியைப் பொறுத்தது. தொலைபேசி எண் இல்லையென்றால் நமக்குத் தெரியவில்லை என்று பொருள். குடும்பப் பெயர் இல்லையென்றால் அவருக்கு அப்படி ஒன்றே இல்லை. கடைசியாகச் சென்ற நாள் இல்லையென்றால் யாரும் போகவில்லை. மூன்றாவதைப் பின்னால் தள்ளியது என் தவறு, போஸ்ட்கிரஸின் தவறு அல்ல.

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: ஆர்டர் பை சென்ற_நாள் நல்ஸ் ஃபர்ஸ்ட், சேர்ந்த_நாள், எண். தேதி இல்லாதவர்கள் எல்லோரும் தரவுத்தளத்தின் கண்ணுக்குச் சமம். அவர்களுக்குள் யார் முதலில் என்று நாம் சொல்லாவிட்டால் அது இஷ்டப்படி அடுக்கும், இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டும்போது ஒருவர் இரண்டு பக்கத்திலும் வருவார், இன்னொருவர் எதிலுமே வரமாட்டார். அதனால்தான் கடைசியில், ஆளுக்கு ஒன்றாக, இன்னொருவருக்கு வராத அந்த எண்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். நிறுவனப் பெயர் இல்லாத அந்த இரண்டு பக்கத்துக்காரர்கள் யார் என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் தங்களுக்காகவே பொருள் வாங்கும் தனிநபர்களாக இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் பின்னால் அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் அங்கேயும் ஆள் பெயர்ப்படி அடுக்கி அனுப்புங்கள்:

ஆர்டர் பை நல்இஃப்(ட்ரிம்(நிறுவனம்), '') ஈஸ் நல், நல்இஃப்(ட்ரிம்(நிறுவனம்), ''), ஆள்_பெயர், எண்

நடுவில் மறுபடியும் நல்இஃப் எதற்கு என்று தோன்றும். அது இல்லாவிட்டால் நல் ஒரு கூட்டமாகவும் வெற்றுச் சரம் இன்னொரு கூட்டமாகவும் பிரிந்து, கடைசிப் பக்கங்களில் அ முதல் ஒருமுறை ஓடி முடிந்து, மீண்டும் அ முதல் தொடங்கும். முதல் கூட்டத்தில் கிடைக்காத பெயர் இரண்டாவதில் இருக்கும் என்று தேடுகிறவருக்கு எப்படித் தெரியும்?