ஒரே நஞ்சுக்கொடியில் இரட்டையர்: டாக்டரிடம் கேட்டவை

கே: ஒன்பது வாரம் ஆகிறது. ரெட்டைப் பிள்ளை என்கிறார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும், மேடம்?

ப: 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்து, நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதை ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு கண்டுபிடிப்பது கடினமாகிக்கொண்டே போகும். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உருவாகும் ஒத்த இரட்டையரில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே நஞ்சுக்கொடிதான். சிக்கல் அங்கேதான் வரும்.

கே: ஐ.வி.எஃப்.பில் இரண்டு கரு வைத்தார்கள். அப்படியானால் நஞ்சுக்கொடி இரண்டுதானே?

ப: பெரும்பாலும் ஆமாம். ஆனால் ஒரு கரு மட்டும் ஒட்டி, அதுவே இரண்டாகப் பிரிந்திருக்கவும் கூடும். எழுதி வாங்குங்கள்.

கே: 19 வாரம், ஒரே நஞ்சுக்கொடி. ஒரு குழந்தைக்குப் பனிக்குட நீர் 9.5 செ.மீ., இன்னொன்றுக்கு 1.2. சின்னதற்கு மூத்திரப்பை தெரியவில்லை என்றார்கள். ஒரு டாக்டர் லேசர் என்கிறார், இன்னொருவர் நீரை எடுத்தால் போதும் என்கிறார். மாமியார் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்.

ப: பொறுக்காதீர்கள், அம்மா. நீங்கள் சொல்லும் அளவுகள் இரட்டையரிடை இரத்தமாற்ற நோயைக் காட்டுகின்றன. ஒரே நஞ்சுக்கொடியில் இரண்டு பனிக்குடம் உள்ள கர்ப்பங்களில் 10 முதல் 15% வரை இது வருகிறது. இருவரின் இரத்தக்குழாய்களும் நஞ்சுக்கொடியில் இணைந்திருக்கும். அந்த வழியே ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கொடுக்கும் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்து நீர் வற்றுகிறது. வாங்கும் குழந்தைக்கு நீர் பெருகி இதயம் திணறுகிறது. ஸ்கேனில் கொடுக்கும் குழந்தையின் மூத்திரப்பை தெரியாவிட்டால், இந்த நோயின் கடுமையைப் பிரிக்கும் குயின்டெரோ வகைப்பாட்டில் அது இரண்டாம் நிலை.

லேசரில் செய்வது இதுதான்: தாயின் வயிற்றில் சிறு துளை வழியே மெல்லிய கருவியை விட்டு, இணைக்கும் குழாய்களை நேரில் பார்த்துச் சுட்டு அடைப்பார்கள். அதிகமான நீரையும் அப்போதே எடுத்துவிடுவார்கள். வெறும் நீரை மட்டும் எடுத்தால் வயிறு தளரும், ஆனால் குழாய்கள் திறந்தே இருக்கும். அதோடு, முதலில் நீரை எடுத்துவிட்டால் பிறகு லேசர் செய்வதும் சிரமமாகலாம். வயிற்றிலுள்ள குழந்தைக்குச் சிகிச்சை தரும் கருநல மருத்துவப் பிரிவு இருக்கும் இடத்துக்கு இன்றே போய்விடுங்கள்.

கே: எங்கள் அக்காவுக்கு நீர் மட்டும்தான் எடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்?

ப: அக்கா பிள்ளைகள் நலமாக இருப்பது மகிழ்ச்சி. ஆனால் அதை வைத்து இன்னொரு தாய்க்கு வழி சொல்ல முடியாது. இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2004இல் வெளியானது. லேசர் செய்தவர்களில் 76% பேருக்கு ஒரு குழந்தையாவது 28 நாள் தாண்டிப் பிழைத்தது; நீர் மட்டும் எடுத்தவர்களில் 56%. ஆறு மாதத்தில் நரம்புக் கோளாறு இல்லாமல் இருந்த குழந்தைகள் லேசர் பிரிவில் 52%, மற்ற பிரிவில் 31%. லேசரின் பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

கே: 76 என்றால் நாலில் ஒரு குடும்பத்துக்கு இரண்டுமே போயிற்று. அதையும் சொல்லுங்கள்.

ப: சொல்லத்தான் வேண்டும். லேசருக்குப் பிறகு பனிக்குடம் முன்கூட்டி உடையலாம், குறைப்பிரசவம் ஆகலாம், ஒரு குழந்தை இறக்கலாம். தேர்ந்த மையங்களில் இப்போது பலன் அந்த ஆய்வைவிட மேம்பட்டிருக்கிறது. அப்படியும் இருவரையும் காப்பாற்றுவேன் என்று எந்த மருத்துவரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கடுமையான நோயைச் சும்மா விட்டால் பெரும்பாலும் இருவருமே பிழைப்பதில்லை. அந்த முடிவோடுதான் இந்த 76ஐ ஒப்பிட வேண்டும்.

கே: எனக்கு இரத்தமாற்ற நோய் முதல் நிலை என்றார்கள். உடனே லேசரா?

ப: கருப்பைவாய் நீளமாக இருந்து, உங்களுக்கும் மூச்சுத்திணறல் போன்ற தொல்லை இல்லையென்றால், நெருக்கமாகக் கண்காணித்துக் காத்திருக்கலாம்.

கே: படுத்தே இருந்தால் நீர் சரியாகுமா?

ப: ஆகாது.

கே: இளநீர், புரோட்டீன் பவுடர்?

ப: குழாய் இணைப்பை எந்த உணவும் அடைக்காது.

கே: மாதம் ஒரு ஸ்கேன் போதுமா?

ப: போதாது. ஒரே நஞ்சுக்கொடி என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. இடையில் வயிறு திடீரென்று இறுகிப் பெருத்தால் அன்றே போங்கள்.

கே: இரண்டும் ஆணா பெண்ணா என்று ஸ்கேனில்…

ப: இந்தியாவில் அதைச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம். இந்தக் கேள்வி இனி வேண்டாம்.

கே: 27 வாரத்தில் ஒரு குழந்தை இறந்துவிட்டது. மற்றதை உடனே எடுத்துவிடலாமா?

ப: உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன். ஒரே நஞ்சுக்கொடி என்றால், ஒரு குழந்தை இறக்கும் நேரத்திலேயே மற்றதன் இரத்தம் அதற்குள் பாய்ந்து பாதிப்பு நடந்து முடிந்திருக்கும். அவசரமாக எடுத்தால் அது மாறாது, குறைமாதச் சிக்கல்தான் கூடும். மற்றதும் இறக்கும் அபாயம் சுமார் 15%, மூளைப் பாதிப்பு சுமார் 25% என்று கணக்கு. அதாவது நலமாகப் பிறக்கும் வாய்ப்பே அதிகம். இப்போது இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் அந்தக் குழந்தைக்கு இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் கழித்துக் குழந்தையின் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள்.

கே: எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது, மாத்திரையை மாற்றலாமா?

ப: உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கே: லேசர் முடிந்து மூன்று வாரம். நீர் இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது. இனி ஸ்கேன் தேவையில்லையே?

ப: தேவை. அடைபடாமல் தப்பிய மிக மெல்லிய குழாய் ஒன்றிருந்தாலும், மெதுவாக ஒரு குழந்தைக்கு இரத்தசோகையும் மற்றதற்குச் சிவப்பணு மிகுந்து இரத்தக் கெட்டிப்பும் வரலாம். நீரின் அளவில் அது தெரியாது. அதனால் இரு குழந்தைகளின் மூளை இரத்தக்குழாயிலும் ஓட்ட வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். சுட்ட புள்ளிகளை ஒரே கோடாக இணைத்துச் சுடும் சாலமன் முறையில் இது குறைவாக வருகிறது என்று 2014 ஆய்வு காட்டியது. உங்களுக்குச் செய்தது எந்த முறை என்று அறுவை ரிப்போர்ட்டில் பார்த்துச் சொல்லுங்கள்.