கேள்வி – பதில்: குறைந்து காட்டும் நினைவகம்

கேள்வி: என் கொமடோர் 64 (1980களின் வீட்டுக் கணினி), தொடங்கும்போது 38911 பைட்டுகள் காலி என்று காட்டுவதற்குப் பதிலாக மிகக் குறைந்த எண்ணையே காட்டுகிறது. எந்தச் சில்லு பழுது?

பதில்: தொடக்கச் சோதனை நினைவகத்தைக் கீழிருந்து வரிசையாக எழுதிப் படித்துப் பார்த்து, முதல் பிழையிலேயே நின்றுவிடுவதால்தான் எண் குறைகிறது. எதையும் கழற்றுமுன் மின்வழங்கியின் 5 வோல்ட்டை அளந்துவிடுங்கள். அது மிகுந்திருந்தால் புதுச் சில்லும் கெட்டுப்போகும். இந்தக் கணினியின் பழைய தாய்ப்பலகைகளில் 4164 வகை நினைவகச் சில்லுகள் எட்டு உண்டு. ஒவ்வொரு பைட்டின் எட்டுப் பிட்டுகளில் ஒன்றை மட்டும் ஒவ்வொரு சில்லும் வைத்திருப்பதால், பிழை தொடங்கும் முகவரியில் போக் கட்டளையால் 0, 255 ஆகியவற்றை எழுதிப் பீக் கட்டளையால் படித்தால், எழுதியதற்கு மாறாக வரும் பிட்டே பழுதான சில்லைக் காட்டிக்கொடுக்கும். விரலால் தொட்டுச் சூடு பார்ப்பது வெறும் குறிப்புதான். நான் அதை நம்புவதில்லை. பழுதான சில்லின் கால்களை வெட்டி, ஒவ்வொன்றாக ஈயப்பற்றை உருக்கி எடுத்து, அந்த இடத்தில் புதுச் சில்லைச் செருகுவதற்கான சாக்கெட் பொருத்துங்கள்.