கைடோடு இ-பைக்கில் இத்தாலியின் ஒயின் மலைகள்: பழக்கம் விட்டுப்போனவர்களால் முடியுமா?

தாராளமாகப் போகலாம், அதுவும் கைடோடு போங்கள். ஐம்பது வயதாகிறது, கல்லூரியோடு சைக்கிள் நின்றுபோய்விட்டது, மனைவிக்கு மதுப் பழக்கம் கிடையாது, இந்த நிலையில் இத்தாலியின் திராட்சைத் தோட்டங்கள் வழியாக இ-பைக் (மிதிக்கும்போது மோட்டாரும் உதவும் சைக்கிள்) பயணம் சரிப்பட்டு வருமா, போனில் மேப் இருக்கும்போது கைடுக்கு எதற்குக் காசு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் கணவரும் பியட்மான்ட் மாநிலத்தில் லாங்கே என்கிற மலைப்பகுதியில் இப்படிப் போய்வந்தோம். அவரும் குடிக்க மாட்டார், முழங்கால் வலி வேறு உண்டு. அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றியது.

முதலில் இடம். ஆல்பா என்ற சின்ன நகரத்தைச் சுற்றியுள்ள குன்றுகள்தான் லாங்கே. பக்கத்திலுள்ள ரோயெரோ, மோன்ஃபெர்ராத்தோ பகுதிகளோடு சேர்த்து இந்தத் திராட்சை நிலங்களை 2014-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே ஊர்கள் பெரும்பாலும் குன்றின் உச்சியிலோ முகட்டிலோதான் இருக்கும், நடுவில் ஒரு கோட்டையோ கோபுரமோ நிற்கும். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக இறங்கி ஏற வேண்டும், அங்கிருந்து அடுத்ததற்கு மறுபடியும் இறங்கி ஏற வேண்டும். பரோலோ கிராமம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பக்கத்து ஊரான லா மோர்ரா 500 மீட்டருக்கும் மேலே. இடைத்தூரம் சில கிலோமீட்டர்தான், ஆனால் சாதாரண சைக்கிளில் ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். அதுவே ஒரு நாளில் மூன்று நான்கு தடவை வந்தால் பழக்கமில்லாதவர்களால் முடியாது. கைப்பிடியில் இருக்கிற பொத்தானை அழுத்தி உதவியைக் கூட்டிக்கொண்டு, மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே ஏறிப் போகலாம் என்பதுதான் இ-பைக்கால் கிடைக்கும் லாபம். நன்றாக ஓட்டுபவரும் பழக்கம் விட்டுப்போனவரும் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பலர் இதை ஸ்கூட்டர் மாதிரி நினைக்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி சைக்கிளாகக் கருதப்படும் வண்டியில் மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது, நீங்கள் மிதித்தால் மட்டுமே அது உதவும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் உதவி நின்றுவிடும். மிதிக்காமல் உட்கார்ந்திருந்தால் வண்டி நகராது. நீங்கள் பெடலில் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள் என்பதை ஒரு சென்சார் அளந்து அதற்கு ஏற்ப மோட்டார் தள்ளும். இதனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், நின்றுகொண்டிருக்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு ஒரு காலைப் பெடல் மேல் அழுத்தினால் வண்டி சட்டென்று முன்னே பாயும். சிக்னலிலோ கூட்டத்திலோ நிற்கும்போது பிரேக்கைப் பிடித்தே வையுங்கள். அப்புறம் கியர். மோட்டார்தான் இருக்கிறதே என்று கனமான கியரிலேயே மேட்டில் ஏறாதீர்கள், ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே லேசான கியருக்கு மாற்றிக்கொண்டு கால் வேகமாகச் சுழல விடுங்கள். முழங்காலுக்கும் அதுதான் நல்லது, பேட்டரியும் அதிக நேரம் வரும். அதிக உதவி கொடுக்கும் மோடில் நாள் முழுக்க ஓட்டினால் மதியத்துக்கு மேல் சார்ஜ் தீர்ந்து இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை மோட்டார் உதவியே இல்லாமல் மிதிக்க வேண்டிவரும். எங்கள் கைடு சமதளத்தில் எல்லோரையும் குறைந்த மோடிலேயே ஓட்டச் சொன்னார், செங்குத்தான இடம் வருவதற்கு முன்னால் கையைத் தூக்கிக் காட்டுவார், அப்போதுதான் கூட்டுவோம். என் கணவர் பயந்துகொண்டே வந்தவர், முதல் நாள் சாயங்காலம் முழங்காலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆனால் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது ஏற்றத்தைப் பற்றி இல்லை, இறக்கத்தைப் பற்றி. ஏறும்போது மோட்டார் இருக்கிறது, இறங்கும்போது நீங்கள் மட்டும்தான். கனமான வண்டி, கொண்டை ஊசி வளைவுகள், சில இடத்தில் தார் ரோடு முடிந்து திடீரென்று சரளை. இதோடு அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும், நமக்கோ உடம்பில் ஊறியது இடது பக்கம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நம் ஊர் சைக்கிளில் முன் சக்கர பிரேக் பெரும்பாலும் வலது கையில் இருக்கும், அங்கே வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளில் பெரும்பாலும் இடது கையில். பழக்கதோஷத்தில் இடது கையை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அவையோ டிஸ்க் பிரேக், ஒரு விரலே போதும். வண்டியைக் கையில் வாங்கியதும் எந்தக் கை எந்தச் சக்கரம் என்று நின்ற இடத்திலேயே பிடித்துப் பாருங்கள். நல்ல கைடு வண்டி கொடுத்த உடனே கூட்டிக்கொண்டு போய்விட மாட்டார், ஒரு காலி இடத்தில் சுற்றி வரச் சொல்வார், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவுக்குள் பிரேக்கை விடப் பழக்குவார், தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்காமல் விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்வார். இந்தப் பயிற்சிக்காகவே கைடுக்குக் கொடுக்கும் காசு தகும் என்பேன்.

மேப் போதாதா என்று கேட்டீர்கள். வழி காட்ட மேப் போதும். ஆனால் அந்தக் குன்றுகளைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். பள்ளத்தாக்கில் ஓட்டிக்கொண்டிருந்தபோது கைடு நிறுத்தி, இங்கே ஏன் திராட்சையே இல்லை என்று கேட்டார். சுற்றிலும் ஹேசல்நட் மரங்கள்தான் வரிசையாக நின்றன. பரோலோ என்ற பெயரில் ஒயின் விற்க வேண்டுமானால் நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சை, அதுவும் குறிப்பிட்ட 11 ஊராட்சிகளுக்குள் விளைந்ததாக இருக்க வேண்டும். அங்கேயும் ஈரம் தங்கும் சமதளமும் வடக்கு பார்த்த சரிவும் கூடாது என்று விதிமுறையே விலக்கி வைக்கிறது. நெபியோலோ சீக்கிரம் துளிர்த்து, கடைசியில் பழுக்கும் ரகம், அக்டோபர் வரை வெயில் வேண்டும். அதனால் தெற்கு பார்த்த நல்ல சரிவெல்லாம் நெபியோலோவுக்கு, கொஞ்சம் குளிர்ச்சியான இடம் சீக்கிரம் பழுக்கும் டொல்செட்டோ ரகத்துக்கு, இடைப்பட்டது பார்பெரா ரகத்துக்கு, அடிவாரமும் வடக்குப் பக்கமும் ஹேசல்நட்டுக்கும் காட்டுக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டபிறகு ஓட்டுவதே மாறிப்போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் எந்தப் பக்கம் வெயில், எங்கே கொடி நின்று மரம் தொடங்குகிறது என்று கண் தானாகத் தேடியது. காரில் போனால் இந்த மாற்றம் சில நொடியில் கடந்துவிடும், சைக்கிளில் ஏறும் வேகத்தில் குளிர்ந்த நிழலிலிருந்து சூடான சரிவுக்குள் நுழைவது தோலுக்கே தெரியும். ஹேசல்நட் சாக்லேட்டால் உலகம் முழுக்கத் தெரிந்த ஃபெர்ரேரோ நிறுவனம் பிறந்த ஊரும் ஆல்பாதான், அடிவாரத்து மரங்களைப் பார்த்தபிறகு அது புரிகிறது.

மண்ணும் அப்படித்தான். லா மோர்ரா, பரோலோ பக்கம் நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண், அங்கே விளையும் ஒயின் சற்றே மென்மையாக, மணமாக வரும் என்பார்கள். கிழக்கே செர்ராலுங்கா என்ற ஊர்ப் பக்கம் அதைவிடப் பழைய, இறுகிய மண், அந்த ஒயின் முரட்டுத்தனமாக, பல வருடம் காத்திருக்கச் சொல்லும். இரண்டையும் ஒரே நாளில் சக்கரத்தால் கடந்துவிட்டுக் குடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. பரோலோ பார்ப்பதற்கு வெளிறிய சிவப்பு, கண்ணாடிக் குவளைக்குப் பின்னால் விரல் தெரியும். வாயில் வைத்தால்தான் கொட்டைப்பாக்கு மென்ற மாதிரி ஈறெல்லாம் துவர்க்கும். அந்தத் துவர்ப்பு அடங்கத்தான் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில், என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒயின் சுவைப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் ஒரே நாளில் நடக்கின்றன. இத்தாலியச் சட்டத்தில் சைக்கிளும் வாகனம்தான், ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். சட்டத்தை விடுங்கள், நான் மேலே சொன்ன இறக்கத்தை இரண்டு குவளை உள்ளே போனபிறகு யோசித்துப் பாருங்கள். சுவைக்கும் மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒயின் தயாரிப்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். பெரிய இறக்கத்தை முதலில் முடித்துவிட்டு, தங்குமிடத்துக்குப் பக்கத்தில் சுவைக்க நிறுத்தும் கைடுதான் உருப்படியான கைடு. முன்பதிவு செய்வதற்கு முன் இதை நேரடியாகவே கேளுங்கள், சுவைப்பது எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு எவ்வளவு தூரம், எப்படிப்பட்ட ரோடு என்று. காலையிலேயே மூன்று இடம், அப்புறம் நாற்பது கிலோமீட்டர் என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

உங்கள் மனைவிக்கு அங்கே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். என் கணவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, ஆனால் எந்த ஒயின் கூடத்திலும் சலித்து வெளியே நிற்கவில்லை. வெயிலில் ஓட்டிவிட்டுப் பாதாள அறைக்குள் இறங்கினால் சில்லென்று இருக்கும், ஆள் உயரத்தைத் தாண்டிய ஓக் பீப்பாய்கள், மரமும் பழமும் கலந்த ஒரு வாசனை. பெரிய பழைய பீப்பாயில் வைப்பதா, பிரான்சிலிருந்து வரும் சின்னப் புதுப் பீப்பாயில் வைப்பதா என்று 1980-களிலிருந்து அந்த ஊரில் அப்பா ஒரு கட்சி, பிள்ளை ஒரு கட்சியாக நின்ற கதையை அவர்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். குடிக்காதவர் என்று சொன்னால் யாரும் வற்புறுத்துவதில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சில நிறுவனங்கள் சுவைக்கும் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும், கேட்டுப் பாருங்கள்.

ஒயின் இல்லாமலும் நிறுத்திப் பார்க்க நிறைய உண்டு. லா மோர்ராவுக்குக் கீழே புருனாத்தே திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சேப்பல், அதாவது சின்ன தேவாலயம், நிற்கிறது. 1914-இல் கட்டியது, மழைக்கு ஒதுங்க ஆட்கள் பயன்படுத்தியது, வழிபாட்டுத் தலமாக முறைப்படி அர்ப்பணிக்கப்படவே இல்லை. பாழாகிக் கிடந்ததற்கு 1999-இல் சோல் லெவிட் என்ற கலைஞர் வெளிப்புறத்தையும் டேவிட் டிரெம்லெட் என்ற கலைஞர் உட்புறத்தையும் வண்ணம் தீட்டினார்கள். வெளியே சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று பளீர் பட்டைகள், உள்ளே மண் நிறங்கள். பச்சை வரிசைகளுக்கு நடுவே அது திடீரென்று கண்ணில் பட்டபோது எங்கள் கூட்டமே பேச்சை நிறுத்திவிட்டது. லா மோர்ரா உச்சியிலிருந்து வானம் தெளிவாக இருந்தால் 3,841 மீட்டர் உயர மோன்விசோ சிகரம் பனியோடு தெரியும்.

சாப்பாடு: சைவம் என்றால் முன்பே எழுதிச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த ஊர்ச் சமையல் அசைவம் சார்ந்தது. பிலின் என்று கிள்ளி மடித்த பாஸ்தாவுக்குள் வழக்கமாக இறைச்சிதான் இருக்கும், பாஞ்ஞா கௌதா என்ற பூண்டுச் சாற்றில் நெத்திலி இனத்து மீன் கரைந்திருக்கும், பார்த்தால் தெரியாது. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தயாரின் கேளுங்கள், மஞ்சள் கருவை அள்ளிப் போட்டுப் பிசைந்து மெல்லிசாக நறுக்கிய பாஸ்தா, வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டும் போட்டுத் தருவார்கள். முட்டையும் கூடாதென்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள், அங்கே சைவம் என்றால் முட்டை சேர்த்துத்தான் புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு ஒயின் பகுதியான கியான்டிக்குப் போகலாமா என்றும் யோசிப்பீர்கள். கியான்டி ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவில் இருப்பதால் மற்ற ஊர் பார்ப்பதோடு சேர்த்துக்கொள்ளச் சுலபம், ஆனால் வெள்ளைச் சரளைச் சாலைகள் அதிகம், பழக்கமில்லாதவருக்கு டயர் வழுக்கும் பயம் இருக்கும். முதல் தடவைக்கு லாங்கேயே என் வாக்கு. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் போகாதீர்கள். மே மாதமோ ஜூன் தொடக்கமோ ரோடும் காலியாக இருக்கும், பகலும் நீளம். அக்டோபரில் நெபியோலோ அறுவடை, ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் ஒரு வகைக் காளான்) சந்தை, எல்லாம் ஒன்றாக வருவதால் அறை வாடகை ஏறும், காலையில் மூடுபனியில் ரோடு ஈரமாக இருக்கும். எனக்குப் பிடித்தது செப்டம்பர் பின்பாதி. கொடியில் பழம் தொங்கும், டொல்செட்டோ பறிக்கத் தொடங்கியிருப்பார்கள், குளிர் இன்னும் வந்திருக்காது. அந்தச் சமயத்துக்கு நல்ல கைடுகள் சீக்கிரம் நிரம்பிவிடுவார்கள், விசாவுக்கும் நேரம் பிடிக்கும், அதனால் கோடையிலேயே பேசி முடித்துவிடுங்கள். எழுதும்போது உங்கள் இருவரின் உயரத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள், உங்கள் உயரத்துக்கு ஏற்ற ஃப்ரேம் உள்ள வண்டியை எடுத்து வைப்பார்கள்.