நிலவியல் வரைபடத்தில் உள்ள கோடுகளையும் முக்கோணங்களையும் எப்படிப் படிப்பது?

மானூர்ப் பக்கம் உள்ள தம் இரண்டு ஏக்கர் நிலத்தில் போர் போடும் முன் நிலவியல் வரைபடத்தைப் பார்த்ததாகவும், அதில் ஒரு சிறு கோட்டின் நடுவில் கறுப்பு முக்கோணமும் அருகில் 65 என்ற எண்ணும் இருப்பதாகவும், அந்த எண் ஆழமா உயரமா என்று விளங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் அல்ல, அது பாறையின் சாய்வுக் கோணம்.

நம் ஊர் ஓட்டுக் கூரையில் ஒரு பக்கச் சரிவை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகள் கிடையாக வரிசை பிடித்திருக்கும் திசையைக் களத்தில் இருப்பவர்கள் ஸ்ட்ரைக் என்பார்கள். மழை நீர் அந்த வரிசைக்குக் குறுக்கே வழிந்து இறங்கும் திசையும், கூரை கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை சரிந்திருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் டிப், அதாவது சாய்வு. வரைபடத்தில் நீளக் கோடு ஸ்ட்ரைக்கைக் காட்டுகிறது. அது வடக்கோடு சரியான கோணத்தில் வரையப்பட்டிருப்பதால் அதற்குத் தனியாக எண் தேவையில்லை. கோட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறி சாய்வுத் திசையையும், எண் சாய்வின் அளவையும் சொல்கின்றன. படுகை, அதாவது பாறை அடுக்கு, செங்குத்தாக நின்றால் குறுக்குக் குச்சி கோட்டின் இரு பக்கமும் நீளும். கிடையாகப் படுத்திருந்தால் வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி இருக்கும்.

பாடநூலை மட்டும் படித்துவிட்டு நம் மாவட்டப் படத்தைத் திறப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பாடநூல் முதலில் கற்பிப்பது படிவுப் பாறையின் படுகைக் குறி. அதில் இருப்பது வெறும் குச்சி. திருநெல்வேலிச் சீமையிலோ தேரி மணலையும் ஆற்று வண்டலையும் கடற்கரைப் படிவுகளையும் விட்டால் பெரும்பகுதி சார்னோக்கைட், நைஸ் போன்ற உருமாறிய பாறைகளே. அவற்றில் அளக்கப்படுவது படிவுப் படுகை அன்று. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கனிமங்கள் ஏடு ஏடாக வரிசைப்பட்ட அமைப்பு. அதை ஃபோலியேஷன் என்பார்கள். அதற்குரிய குறிதான் நீங்கள் பார்த்த முக்கோணம். கேரளத்து அச்சன்கோவிலிலிருந்து தென்கிழக்காக நம் பக்கம் நீளும், பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டையான அச்சன்கோவில் வெட்டு மண்டலத்தில் இந்த முக்கோணக் கோடுகள் பெரும்பாலும் வடமேற்கு தென்கிழக்காக அணிவகுத்து நிற்பதைக் காணலாம்.

எண்ணைக் காட்டிலும் குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே முக்கியம் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். கல்லூரியில் படித்த காலத்தில் சுண்ணாம்புக்கல் பட்டை ஒன்றை அளந்துவிட்டு, மதிய வெயிலில் அவசரமாகக் குறிப்பேட்டில் எழுதியபோது, ஒரே வரிசையில் இருந்த நான்கு இடங்களில் இரண்டுக்குக் குச்சியை எதிர்ப்பக்கம் போட்டுவிட்டேன். மாலையில் படம் வரைந்தபோது சரிவுகள் இரு பக்கமும் விலகி ஓடின. நானும் மகிழ்ச்சியோடு அங்கே, பாறை அடுக்குகள் வில்லாக மேல்நோக்கி வளைந்த ஒரு மேல்வளைவு மடிப்பை வரைந்துவிட்டேன். இல்லாத மடிப்பைத் தேடி மறுநாள் மீண்டும் அதே மேட்டுக்கு நடக்க வேண்டியதாயிற்று.

மடிப்புக் குறிகளும் கூரைக் கணக்குதான். நடுக்கோட்டிலிருந்து அம்புகள் இரு பக்கமும் வெளியே போனால் முகட்டிலிருந்து இரு சரிவாக இறங்கும் கூரையைப் போன்ற மேல்வளைவு. அம்புகள் கோட்டை நோக்கி வந்தால், நாற்சார் வீட்டுக் கூரை முற்றத்தை நோக்கிச் சரிவது போன்ற கீழ்வளைவு. ஆனால் மேல்வளைவு என்றால் அங்கே மலை இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அரிப்பு எத்தனையோ மேல்வளைவுகளைப் பள்ளமாக்கியிருக்கிறது.

பிளவுகள், அதாவது பாறை உடைந்து இரு பக்கமும் இடம்பெயர்ந்த இடங்கள், தடித்த கோடுகளாக இருக்கும். கோடு முழுமையாக இருந்தால் வரைந்தவர் அதன் இடத்தை உறுதி செய்திருக்கிறார். விட்டுவிட்டு இருந்தால் ஏறத்தாழ அங்கே இருக்கிறது. புள்ளிகளாக இருந்தால் மணலுக்கோ வண்டலுக்கோ அடியில் மறைந்திருக்கிறது. கோட்டில் பல் பல்லாக முக்கோணங்கள் இருந்தால் அது உந்துப் பிளவு. பற்கள் இருக்கும் பக்கத்துப் பாறை மற்றதன் மேல் ஏறியிருக்கிறது. நாட்டுக்கு நாடு குறிகள் சற்று மாறுவதால், படத்தின் ஓரத்தில் இருக்கும் குறி விளக்கத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

எண்ணின் பயனையும் சொல்லிவிடுகிறேன். சமதரையில் வெளித்தெரியும் ஒரு பாறைப் பட்டை 30 பாகை சாய்ந்திருந்தால், சாய்வுத் திசையில் 100 மீட்டர் தள்ளித் துளையிட்டால் ஏறத்தாழ 58 மீட்டர் ஆழத்தில் அதைத் தொடலாம். 65 பாகை என்றால் அதே தூரத்தில் 214 மீட்டர் இறங்க வேண்டும்.

ஆனால் 1:50,000 அளவுப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். உங்கள் இரண்டு ஏக்கர் சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 90 மீட்டர். படத்தில் அது இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. அந்த முக்கோணக் குறியே உங்கள் நிலத்தைவிடப் பெரிது. அளவு எடுத்த இடம் உங்கள் வயலாக இல்லாமலும் இருக்கலாம். ஆகவே போருக்கு இடம் குறிக்க இந்தப் படம் போதாது. அக்கம்பக்கத்தில் கல் வெட்டிக் கட்டாமல் விட்ட பழைய கிணறு இருந்தால், உரியவரிடம் கேட்டு, வெயில் உள்ளே விழும் நேரத்தில் மேலிருந்தே அதன் சுவரைப் பாருங்கள். பாறையின் வரிகள் எந்தப் பக்கம் சரிகின்றன, ஊற்று எந்த வெடிப்பில் கசிகிறது என்பது அங்கே நேராகத் தெரியும்.